ஏழு மணிக் கருத்து

லட்சுமிநாராயணன் இறந்து பதினெட்டாம் நாள், காலை ஏழு மணிக்கு ஃபேஸ்புக்கில் கருத்துச் சொல்ல வந்துவிட்டார்.

நஜீம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தார். அதே பெயர், அதே படம், அதே குத்தல். "சாமி ஊர்வலமோ சந்தனக்கூடோ, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கரை அணைத்தால் எந்தக் கடவுளும் கோபித்துக்கொள்ள மாட்டார்" என்று எழுதியிருந்தது.

"இஷ்ரத், இங்க வாயேன்! இதப் பாரு."

மனைவி எட்டிப் பார்த்தாள். "யா அல்லாஹ்! அவுகளத் தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனப்ப நீங்களும் கூடத்தானே போனீங்க?"

போனது மட்டுமா? தோள் கொடுத்து, தீ மூட்டும்வரை நின்று, கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் இருவருக்கும் அடுத்தடுத்த கடை. நஜீமுக்கு ரெடிமேட், லட்சுமிநாராயணனுக்குச் சேலை. அரசியல், மதம், சினிமா என்று எதை எடுத்தாலும் எட்டு வருஷமாக ஃபேஸ்புக்கில் வெட்டு குத்துதான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அது காசில்லாத வேடிக்கை.

நேரில் மட்டும் லட்சுமிநாராயணன் வாயே திறக்க மாட்டார். நஜீம் சண்டையைக் கடைவாசலுக்கு இழுத்து வந்தால், "அத அங்கனயே பேசிக்கிருவோம் மாப்ள, டீ ஆறுது" என்று சிரித்துவிட்டு வடையைப் பிய்ப்பார். நஜீமுக்கு அதில் இன்னும் எரிச்சல்.

கடைசிச் சண்டை ஒரு நடிகரால் வந்தது. நஜீமின் அபிமான நடிகர் கட்சி தொடங்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. "படத்தில் நூறு பேரை அடிக்கிறவருக்கு எங்கள் தெருச் சாக்கடை அடைப்பை எடுக்கத் தெரியுமா?" என்று லட்சுமிநாராயணன் பக்கத்தில் ஒரு கேள்வி. ஐம்பத்தாறு வயதிலும் முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நிற்கிற மனிதருக்கு இது பொறுக்குமா? எழுதக் கூடாத ஒன்றைப் பதிலாக எழுதிவிட்டார்.

மறுநாள் விடிவதற்குள் லட்சுமிநாராயணனுக்கு மாரடைப்பு.

தன் வார்த்தைதான் அவரைக் கொன்றது என்று நஜீம் நம்பினார். இஷ்ரத்திடம்கூட அதைச் சொல்லவில்லை.

இப்போது தினமும் ஏழு மணிக்குக் கருத்து வந்தது. நஜீம் பெங்களூரிலிருக்கும் லட்சுமிநாராயணனின் மகள் காவ்யஸ்ரீயைக் கூப்பிட்டுச் சுற்றி வளைத்து விசாரித்தார். "அப்பா போன அன்னைக்கே அவரு செல்ல அணைச்சு பீரோவுல வச்சுப் பூட்டிட்டோம் அங்கிள்" என்றாள் அவள்.

அன்றைக்கு நஜீமுக்குச் சோறு இறங்கவில்லை. துணிந்து, "நீ யாரு?" என்று அந்தப் பக்கத்துக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். படித்ததற்கான அடையாளம் உடனே விழுந்தது. பதில் வரவில்லை. அதற்குப் பிறகு கடையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், பூட்டிக் கிடக்கிற பக்கத்து ஷட்டர் கண்ணில் படாதபடி.

ஹஜ்ஜுக்குப் புறப்பட ஐந்து நாள்தான் இருந்தது. போகிறவர்கள், தாங்கள் மனம் நோக வைத்தவர்களைத் தேடிப்போய்ப் பொருத்தம் கேட்பது வழக்கம். நொந்தவர் தன் வாயால் "பொருந்திக்கிட்டேன்" என்று மன்னித்தால்தான் நிம்மதியாகக் கிளம்ப முடியும். நஜீம் ஒரு வீடு விடாமல் கேட்டு முடித்துவிட்டார். பாக்கி ஒரே ஒருவர். அவரோ சாம்பலாகியும் ஏழு மணி தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

கடைசியில் கோச்சடையில் இருந்த அவர் வீட்டுக்கே போனார். லட்சுமிநாராயணனின் மனைவி பத்மாசினி கதவைத் திறந்தாள். துக்கம் கேட்க வந்தபோது பார்த்ததைவிட இளைத்திருந்தாள்.

"வாங்கண்ணே" என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாலை போட்ட படம் எதிர்ச் சுவரில் இருந்தது. நஜீம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஹஜ்ஜுக்குப் போறேன் தங்கச்சி. பொருத்தம் கேக்க வந்தேன்."

"எங்ககிட்ட எதுக்குண்ணே? நீங்க எங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சீங்க?"

"அவன்கிட்டக் கேக்கணும்மா. தெனமும் வாரான். நிம்மதியில்லாம அலையுறான். நாந்தான் அவனக் கொன்னுட்டேன்."

பத்மாசினி பதறிப்போனாள். "என்னண்ணே பேச்சு இது? அவருக்கு நாலு வருசமா நெஞ்சுவலி. மாத்திரையிலதான் ஓட்டிக்கிட்டிருந்தாரு."

"இல்லம்மா. முந்துன நா நான் எழுதுனதப் படிச்சுத்தான் நெஞ்சு வெடிச்சுப் போயிட்டான்." நஜீம் வாய்விட்டு அழுதார். "'வளையல மாட்டிக்கிட்டு அடுப்படியில போய் உக்காருடா, ஒனக்கெல்லாம் எதுக்கு அரசியலு'ன்னு எழுதிட்டேன். இருவது வருசச் சிநேகிதம்மா. அவனுக்காக நீங்க ஒரு வார்த்த பொருந்திக்கிட்டேன்னு சொன்னாப் போதும்."

பத்மாசினி படத்தைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு அதப் படிக்கவே இல்லண்ணே. போன எடுத்தா கிரிக்கெட்டு, பழைய பாட்டு. வேற எதையும் தொட மாட்டாரு."

நஜீமுக்கு உயிர் வந்தது. "படிக்கலையா? அல்ஹம்துலில்லாஹ்! அப்ப யாரு மனசும் நோகல."

"நொந்துச்சுண்ணே. அடுப்படியில உக்காந்து எம் போனுல அம்புட்டையும் எழுதுறவ நாந்தானே?"