நாக்கும் வாயும்

படகின் ஊதல் அலறியதும் பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் கடைக்கோடித் தீவு மருந்தகம் விழித்துக்கொள்கிறது. நான்கு மாதமாக நர்ஸ் மீரே எதிர்பார்த்த வெளிநாட்டு உதவிப் பெட்டி வந்துவிட்டது. கொண்டுவந்த அதிகாரியின் கழுத்தில் ஊரார் போட்ட பூமாலை, கையில் இளநீர். பெஞ்சில் சர்க்கரை நோயாளி பிரிபோ காலை நீட்டியபடி கிடக்கிறான், கால் பெருவிரல் கறுத்திருக்கிறது. சர்க்கரை அளவைச் சொன்னால்தான் பெரிய தீவு ஆஸ்பத்திரி விமானம் அனுப்பும். மீரே பெட்டியைக் கிழிக்கிறாள். உள்ளே ரத்தம் தொட்டுச் சர்க்கரை பார்க்கும் பட்டைகள், ஆயிரம். மேசை இழுப்பறையிலிருந்து, முன்பு மூன்று நாடுகள் கொடுத்த சர்க்கரை மீட்டர்களையும் எடுத்துப் பட்டையைச் செருகிப் பார்க்கிறாள். ஒன்றிலும் நுழையவில்லை.

"மெஷின்தான் முன்னாடியே இருக்கேம்மா?" என்கிறார் அதிகாரி.

"அது வேற நாடு குடுத்தது சார். அது வாய், இது நாக்கு. ரெண்டும் ஒரே ஆளுக்கு வேணாமா?"

"எந்த நாடு வந்தாலும் என் விரலைக் குத்தத்தான் வருது," என்று பிரிபோ முனகுகிறான்.

ரேடியோவில் பெரிய தீவு டாக்டரின் குரல் கரகரக்கிறது. "மீரே, அளவு எவ்வளவு? நம்பர் இல்லாம விமானம் கிடையாது!"

மீரேயின் பார்வை ஜன்னல் விளிம்புக்குப் போகிறது. பிரிபோவின் சிறுநீர்க் கிண்ணத்தைச் சுற்றி வெயிலில் கறுப்பாக ஒரு வளையம் நெளிகிறது. ரேடியோவை வாயருகே இழுக்கிறாள்.

"எறும்பு நாற்பது, டாக்டர். இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."