ஐந்து கிலோவுக்கு மேல்

"ரெண்டு அங்குலம் குறைஞ்சிருக்கீங்க டீச்சர்," என்றாள் எலும்பு டாக்டர்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. செருப்புதான் தேய்ந்துவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

மாதவிடாய் நின்று பத்து வருஷம். விட்டது தொல்லை என்று அன்றைக்குப் பெருமூச்சு விட்டதோடு சரி. இனிமேல் எலும்பு சத்தமில்லாமல் கரையும், இப்போதே கவனி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் திருப்பிக் காட்டினாள். முதுகெலும்புக் கணுக்களில் ஒன்று ஏற்கெனவே ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது.

மாத்திரை, பால், காலை வெயில், அரை மணி நேர நடை. முதல் பெஞ்சுப் பிள்ளை போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள் டீச்சர்.

"இதையெல்லாம் விட முக்கியம், அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. வீட்ல யார் இருக்காங்க?"

"நானும் பையனும்தான். இருபத்தாறு வயசு."

"அப்புறம் என்ன? கனமானதெல்லாம் பையன் தூக்கட்டும்."

டீச்சர் வாய் திறந்தாள். பிறகு, "சரிம்மா," என்று எழுந்துகொண்டாள்.

அவள் வீட்டுக்கு வந்ததும், அதுவரை துணைக்கு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா கிளம்பிப் போனாள்.

பையன் கட்டிலில் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தான். பிறந்ததிலிருந்து தரையில் கால் ஊன்றாத பிள்ளை. ஐம்பத்திரண்டு கிலோ. ஒரு நாளைக்கு ஆறு தடவை தூக்க வேண்டும்.

அவனைப் பற்றிச் சொன்னாலே டாக்டர்கள் ஏதாவது ஒரு காப்பகத்தின் முகவரியை எழுதி நீட்டுவார்கள். மூன்று பேர் நீட்டியாகிவிட்டது.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"தினமும் பால் குடிக்கணுமாம்."

"சின்னப் புள்ளையா நீ?" என்று சிரித்தபடியே, குனிந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

மூச்சை அடக்கித் தூக்கினாள்.

மளுக்கென்றது.

"என்னம்மா சத்தம்?"

"கட்டில்தாண்டா."

கண் இருட்டிக்கொண்டு வந்தது. சக்கர நாற்காலிக்கு இன்னும் ஓரடி இருந்தது.