டயர்ப் புகை

ஜன்னல் இடுக்குகளில் டல்சி ஈரத்துணியைத் திணிக்கிறாள். பாலத்துப் பக்கமிருந்து கறுத்த புகை வாவியின் மேல் படுத்தபடி டவுனுக்குள் வருகிறது. மாலை வெயில் அதில் பட்டுப் பழுப்பாய்ச் சுவரில் விழுகிறது. வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரையிலிருந்து காலையில் புருஷனோடு தயிர் கொண்டுவந்த கண்ணகை, கதிரை நுனியில் இருக்கிறாள். பாலத்தடிச் சுற்றிவளைப்பில் அவள் புருஷன் கோணாமலையை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து அவள் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. தயிர்ச் சட்டிகளில் எறும்பு ஊர்கிறது.

“மூக்கைப் பொத்து புள்ள. டயர்ப் புகை நெஞ்சுக்குக் கூடாதெண்டு டொக்டர்மார் சொல்றாங்க.”

“புகை கூடாதெண்டு எங்கட ஊரில ஆரும் சொன்னதில்லக்கா. நுளம்பு கடிக்காம வேப்பிலை போட்டு மாட்டுக்குப் புகை காட்டுவம். அதுக்குள்ளதான் நாங்களும் படுக்கிற.”

“அப்ப உன்ட மூக்கும் மாட்டு மூக்குத்தான்.”

இருவரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுகிறது.

“வைக்கோல் எரிஞ்சா வைக்கோல் மணக்கும். பதர் எரிஞ்சா பதர் மணக்கும். இதில டயர் மட்டுமா எரியுது அக்கா?”

டல்சி இன்னொரு துணியைப் பிழிகிறாள். தண்ணீர் சிமெந்துத் தரையில் சொட்டுகிறது. கண்ணகை எழும்பி வந்து, அவள் கையை மெல்ல விலக்கி, ஜன்னலை அகலத் திறக்கிறாள். டல்சி இருமிக்கொண்டு பின்னால் போகிறாள்.

“அடைக்காதீங்கக்கா,” என்கிறாள் கண்ணகை, குரலில் எதுவுமில்லாமல். “அதில அவர் இல்லயெண்டு எனக்குத் தெரியோணும்.”

புகைக்கு முகத்தைக் கொடுத்து, மூச்சை ஆழ இழுக்கிறாள்.