மாதிரிக் கூடு

நாற்பது மண்கூடு கட்டிய குளவியை, சான்றிதழ் இல்லை என்று சொல்லிச் சுவரிலிருந்து இறக்கிவிட்டார்கள். யாரிடமும் பயிற்சி பெறாமல் அவள் கட்டியதுதான் குற்றமாம். முட்டையிட இன்னும் மூன்றே நாள். சான்றிதழ் இருந்தால்தான் இனி கூடு கட்டலாம் என்றதால் பயிற்சி மையத்துக்குப் பறந்தாள்.

தேர்வாளர் ஓணான். ஒரு கூடுகூடக் கட்டியதில்லை. ஆனால் சான்றிதழ் ஏழு வைத்திருந்தார். மேசைமேல் மாதிரிக் கூடு ஒன்றை வைத்து, "இதே மாதிரி கட்டும்மா, பார்ப்போம்" என்றார்.

குளவி மண் குழைத்துக் கட்டி முடித்தாள். ஓணான் இரண்டையும் அளந்தார். வாயகலத்திலும் சரி, சுவர்க் கனத்திலும் சரி, நூலளவு வித்தியாசமில்லை.

"எப்படி இவ்வளவு துல்லியமா வந்தது?"

"அதுவும் நான் கட்டினதுதான் சார். போன மழைக்கு முன்னாடி உங்க ஆளுங்கதான் பேத்து எடுத்துட்டு வந்தாங்க. என் கால்தடம்கூட இருக்கும், பாருங்க."

ஓணான் குனிந்து பார்த்தார். தடம் இருந்தது. மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினார். குளவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்படின்னா கேள்வித்தாள் உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. மூணு வருஷத்துக்கு நீ தேர்வு எழுத முடியாது" என்றார் ஓணான்.