மதகுக்கு இந்தப் பக்கம்

மூங்கில் கழி பிணத்தின் தோளில் பட்டதும் கரையில் நின்ற பெரியவர் கத்திவிட்டார்.

"எடுடா கையை."

ஏட்டு மாசிலாமணி அப்படியே நின்றான். கழியை மட்டும் விடவில்லை.

காலை ஒன்பது மணி வெயில். பாதி திறந்த வாய்க்கால் மதகில் முட்டிக்கொண்டு ஒரு பெண் குப்புற மிதக்கிறாள். நீலப் புடவை.

மதகுக்கு இந்தப் பக்கம் மாசிலாமணியின் ஸ்டேஷன் எல்லை. அந்தப் பக்கம் அடுத்த ஸ்டேஷன். ஒரு தள்ளு தள்ளிவிட்டால் போதும். கேஸ் இல்லை, பிரேதப் பரிசோதனைக்கு அலைய வேண்டாம். நேராக டீக்கடைக்குப் போகலாம்.

வெட்கம் கெட்ட பிழைப்பு.

முப்பத்தாறு வருடம் காக்கி போட்டவர் அவர். இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது கேட்பாரற்ற பிணங்களை எடுத்துப் புதைக்கிறார். ஒரு கோடித் துணி, ஒரு மாலை, கொஞ்சம் ஊதுபத்தி. யார் போன் செய்தாலும் போவார். இன்று மதகு திறக்க வந்த ஆள் போன் செய்தான்.

நூற்று நாற்பது பேரைப் புதைத்தாயிற்று. அதில் பாதிப் பேர் கேட்பாரற்றவர்களே இல்லை.

கேட்க ஆள் இருந்தது. வேறொரு ஸ்டேஷன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

நேற்றும் ஒருவர் இவரிடம் வந்து நின்றார். மகளைக் காணவில்லை. மருமகன் மேல் சந்தேகம். இவர்தான் மனு எழுதிக் கொடுத்தார். நீலப் புடவை என்று எழுதி, அடிக்கோடும் போட்டார்.

அந்த மனுவை வாங்கி வைத்தவனே இந்த மாசிலாமணிதான்.

"படிச்சுப் பாத்தியாடா அந்த மனுவை?"

படித்திருக்கிறான். படித்ததால்தான் கழியோடு வந்திருக்கிறான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழம். எழுபதை நெருங்கும் வயதில் ஒரு பிணத்தை இழுப்பது லேசில்லை. யாரும் கை கொடுக்கவில்லை.

இந்தப் பக்கக் கரையில் கொண்டுவந்து போட்டார். புடவையைச் சரிசெய்து முகத்தைத் துடைத்தார்.

அவளா, இல்லையா. அதை அப்பா வந்து சொல்லட்டும்.

"எழுது. மதகுக்கு இந்தப் பக்கம்னு எழுது. பாத்தவன்னு என் பேரைப் போடு."

மாசிலாமணி நோட்டை எடுத்தான். இரண்டு வரி எழுதினான். பிறகு தலை நிமிராமலே, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"எங்களுக்கு இதைப் பழக்கிவிட்டதே நீங்கதானேங்கய்யா. நீங்க ஜீப்புல இருந்தபடியே கையைக் காட்டுவீங்க. நான்தான் கழி புடிப்பேன்."

பொய்யில்லை.

அவருக்குக் கோபம் தணியவில்லை. இன்னும் ஏறியது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை.

ஈர வேட்டியோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னைக்கு ஒரு பொம்பளையத் தள்ளிவிட்டோமேடா. அவ யாரு, என்னன்னு அப்புறம் ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

மாசிலாமணி எழுதுவதை நிறுத்தினான். உண்மையாகவே யோசித்துப் பார்த்தான்.

"எந்தப் பொம்பளைங்கய்யா?"