முப்பது விநாடி வெந்நீர்

“இன்னா பாப்பா, நீயும் கிளவுஸ் மாட்டறியா?”

குத்துச்சண்டைக் கூடத்தின் வாசலில் வைத்து ஆரோக்கியம் மாஸ்டர் ஒருமுறை அவளிடம் கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

“அவ வாயத் தொறந்து நானே பாத்ததில்ல மாஸ்டர்,” என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், உதட்டை மூடிக்கொண்டு. திறந்தால் இடப்பக்கத் தெத்துப்பல் தெரியும்.

அது போன வருடம்.

அவளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டது. தினமும் அக்காவோடு கூடத்துக்குப் போனாள். தண்ணீர் பாட்டில், துண்டு, கையில் சுற்றும் துணி எல்லாம் அவள் தோளில். மாஸ்டருக்குச் சொல்ல வேண்டிய பதில் வாய்க்குள்ளேயே இருந்தது.

மாவட்டப் போட்டிக்கு இரண்டு நாள் இருந்தபோது அக்கா பல்லுக்குக் காப்பாக மாட்டும் பழைய மவுத்கார்டு கிழிந்தது. மாஸ்டர் புதிது வாங்கச் சொன்னார். அப்படியே மாட்டிக்கொள்கிற ரகம் வேண்டாம், வாயில் நிற்காது என்றார். பல் டாக்டரிடம் அளவு கொடுத்துச் செய்வதுதான் நல்லது, ஆனால் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். வெந்நீரில் போட்டுக் கடிப்பதை வாங்கு என்றார்.

அக்கா நீலத்தில் வாங்கி வந்தாள். மேல்வரிசைப் பற்களுக்கு மட்டும். லாடம் போல வளைந்திருந்தது.

முப்பது விநாடி வெந்நீர். ஒரு விநாடி பச்சைத் தண்ணீர். உடனே வாயில் வைத்து அழுத்திக் கடிக்க வேண்டும். யார் கடிக்கிறார்களோ அவர்கள் வாய்க்குத்தான் அது. மாஸ்டர் இதை இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

தண்ணீரைச் சுட வைக்கச் சொல்லிவிட்டு அக்கா குளிக்கப் போனாள்.

தண்ணீர் கொதித்தது. அடுப்பை அணைத்தாள்.

குளியலறையில் குவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்காவுக்கு முடி அதிகம். நேரமாகும்.

மவுத்கார்டை வெந்நீரில் போட்டாள். முப்பது எண்ணினாள். கரண்டியால் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் காட்டினாள்.

வாயில் வைத்தாள்.

வைத்துப் பார்க்க மட்டும்தான்.

இளஞ்சூடாக இருந்தது. பற்களைச் சுற்றித் தானாக நெகிழ்ந்து உட்கார்ந்தது. எப்போது கடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சுவர்க் கண்ணாடியில் உதடு புடைத்து வேறு யாரோ ஒருத்தி நின்றாள். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கினாள். கண்ணாடியில் நின்றவளும் தூக்கினாள்.

வாயில் அது இருக்கும்போது, ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

குவளைச் சத்தம் நின்றது.

எடுத்துப் பார்த்தாள். உள்ளே அவளுடைய பல்வரிசை. இடப்பக்கம் தெத்துப்பல் மட்டும் தனியாகக் குத்தி, ஒரு குழி.

மறுபடியும் வெந்நீரில் போட்டாள். இந்த முறை எண்ண மறந்தாள். அது துவண்டு வந்தது. விரல் சுடச்சுட உள்ளே தடவினாள். மற்றப் பல்தடங்கள் எல்லாம் மறைந்தன. குழி மட்டும் முழுக்க மறையவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் நீலம் மெலிந்து வெளுத்திருந்தது.

அக்கா ஈரத்தலையோடு வந்தாள். வாங்கிக் கடித்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

சொல்வதற்கு இரண்டு நாள் இருந்தது.

முதல் நாள் போனது.

இரண்டாம் நாள், ரிங்கின் மூலையில் அக்கா வாயைத் திறந்து நின்றாள். மாஸ்டர் கையில் நீல லாடம். இந்தச் சண்டையில் ஜெயித்தால் அக்கா மாநிலப் போட்டிக்குப் போவாள். மூன்று வருடமாக விடிகாலையில் ஓடியது இதற்காகத்தான்.

அவள் மாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னா பாப்பா?”

வாயைத் திறந்தாள்.

மாஸ்டர் காத்திருந்தார். அக்காவும் காத்திருந்தாள். பின்னால் யாரோ வழிவிடச் சொன்னார்கள்.

ஒன்றும் வரவில்லை.

மாஸ்டர் அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். அதைக் கொடுக்கத்தான் இழுத்தாள் என்று நினைத்திருப்பார். மவுத்கார்டை அக்கா வாயில் வைத்தார். மணி அடித்தது.

முதல் சுற்று அக்காவுடையது.

இரண்டாம் சுற்றில் எதிராளியின் வலதுகை வளைந்து வந்தது. எங்கே விழப்போகிறது என்று கூட்டத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது.

இடப்பக்கம்.

அக்கா விழவில்லை. குனிந்து நின்றாள். நீலமும் சிவப்பும் சேர்ந்து தரையில் விழுந்தன. கூடவே சின்னதாக, வெள்ளையாக ஒன்று.

டாக்டர் ஏறிப் பார்த்தார். முடியாதென்று தலையசைத்தார். நடுவர் எதிராளியின் கையைத் தூக்கினார்.

குழாயடியில் அக்கா வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் சிவப்பாகவே போனது. அவள் துண்டோடு பக்கத்தில் நின்றாள்.

பஞ்சைக் கடித்துக்கொண்ட பிறகு, எப்போதும் போல, அக்கா மவுத்கார்டை எடுத்துக் கழுவினாள். உள்பக்கத்தை விரலால் தேய்த்தாள்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தன்னுடைய பற்களின் அச்சு. நேராக, வரிசையாக. அதற்கு வெளியே, வரிசையில் சேராமல், ஒரு குழி.

அக்கா திரும்பினாள்.

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

துணி சுற்றிய கை நீண்டு வந்தது. கட்டைவிரலால் அவளுடைய மேலுதட்டை இடப்பக்கம் மெதுவாகத் தூக்கியது. மாடு வாங்க வந்தவர்கள் பார்ப்பது போல அக்கா பார்த்தாள்.

உதட்டை விட்டாள்.

நீல லாடத்தின் ஈரத்தைத் துண்டில் ஒற்றி எடுத்தாள். அதற்கான சின்னப் பெட்டியில் வைத்து மூடினாள். பெட்டியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினாள்.

பிறகு பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.