உருவிய கத்தி

"காப்பாத்த முடியலம்மா."

சொல்லிவிட்டார் டாக்டர். இத்தனை வருடமாகச் சொல்கிறார், இன்னும் சொல்லத் தெரியவில்லை. இந்த முறையும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அவள் அழவில்லை. மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். செய்தித்தாளுக்குள் மீன் வெட்டும் கத்தி. கழுவித் துடைத்திருந்தாள்.

"டாக்டருக்கு வேணுமோன்னு கொண்டாந்தேன்."

மீன் சந்தையில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுகிறவர்கள். அவன் கத்தியோடு எழுந்திருக்கிறான். தரையெல்லாம் செதிலும் ஐஸ் தண்ணீரும். வழுக்கி, கத்தி மேலேயே விழுந்தான்.

விலாவுக்குக் கீழே. பிடி வரைக்கும்.

வயிற்றைத் திறந்தபோது மீதி தெரிந்தது. ஈரலுக்குப் பின்னால் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தது. கத்தி அங்கேயே இருந்திருந்தால் கிழிசலுக்கு அதுவே அடைப்பு.

யாரோ உருவியிருக்கிறார்கள்.

இன்று காலைதான் மருத்துவக் கல்லூரி வகுப்பில் இதை நடத்தினார். வருடா வருடம் சொல்லும் ஜோக்கையும் சொன்னார். குத்துகிற கத்தி பாதி உயிரைத்தான் எடுக்கும், மீதியை அதை உருவுகிற நல்லவர் எடுத்துக்கொள்வார்.

வருடா வருடம் சிரிப்பார்கள். இன்றும் சிரித்தார்கள்.

முன்வரிசையில் சிரித்த நஸ்ரின் இப்போது கேஸ் ஷீட்டோடு அவருக்குப் பின்னால் நிற்கிறாள். காயத்துக்கெல்லாம் குறியீட்டு எண் போட்டாக வேண்டும். ஈரலுக்கு ஒரு எண். கத்திக்கு ஒன்று. வழுக்கி விழுந்ததற்குக்கூட ஒன்று உண்டு.

உருவியதற்கு இல்லை.

"நாந்தான்யா உருவுனேன்," என்றாள் அவள். "குத்திட்டு நிக்கதப் பாத்துட்டு எப்படி விட? அவுகளும் 'எடு பிரகாசி'ன்னாவ. உடனே எடுத்துட்டேன். சரிதான?"

நஸ்ரினின் பேனா நின்றது.

உருவாமல் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான். அநேகமாக. 'அநேகமாக' என்பது டாக்டர்கள் தங்களுக்கே எழுதிக்கொள்ளும் மாத்திரை. இன்று அது வேலை செய்யவில்லை.

"சரிதாம்மா. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

எத்தனையோ ஜோக் அடித்திருக்கிறார். ஒன்றைக்கூட யாரும் இப்படி நம்பியதில்லை.

அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்புறம்தான் அழுதாள்.

அறைக்கு வந்து உட்கார்ந்தார். நஸ்ரின் கேஸ் ஷீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாம். பதிலுக்கு ஒரு ஜோக்காவது தயாராக வைத்திருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே, ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகையடியில் சந்தைப் பெண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். வெட்டிக்கொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள். சேலைகளில் செதில் மின்னியது.

நடுவில் பிரகாசி. அவள் குரல் மேலே வரைக்கும் கேட்டது.

"நான் ஒண்ணும் தாமசம் பண்ணல. ஒடனே உருவிட்டேன். அதான் சரின்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாவ. யாருக்குக் குத்துனாலும் மொதல்ல உருவிரணும், கேட்டியளா."

கேட்டுக்கொண்டார்கள்.

ஒருத்தி, பின்னால் நின்ற தன் மகளிடம் திரும்பி அதையே மறுபடி சொன்னாள்.

அவர் எழுந்தார்.

நாளைக்கு அவர்கள் எல்லாரும் வேலைக்குப் போவார்கள். அதே தரை. அதே ஐஸ் தண்ணீர். ஆளுக்கொரு கத்தி.

படியிறங்கினார். இந்த முறை செருப்பைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது.

அவரைக் கண்டதும் பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

பிரகாசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்களுக்கு அவரைக் கைகாட்டினாள்.

"இவுகதான்."